வைரஸ் கூட்டுக்கு அளவெடுத்தல்

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் உள்கூட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார். அந்த வைரஸ் பெரிது, சிறிது என்று இரண்டு அளவில் கூடு கட்டும். பெரிய கூட்டின் குறுக்களவு ஒரு கட்டுரையில் 34 நானோமீட்டர், இன்னொன்றில் 36. சிறியதற்கும் இதே கதைதான், 30 என்பார் ஒருவர், 32 என்பார் மற்றவர். யாரும் பொய் சொல்லவில்லை. கூடு எந்த நிலையில் இருந்தது, எந்தக் கருவியில் பார்த்தார்கள், அளவுநாடாவை எங்கே தொடங்கி எங்கே முடித்தார்கள் என்பதைப் பொறுத்து எண் நகர்கிறது.

இந்த அத்தியாயம் அந்த நாடாவை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் புரதக் கூட்டுக்கு கேப்சிட் என்று பெயர். அணு அணுவாக அறியப்பட்ட கேப்சிட்களின் கோப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திரையில் எழுப்பிக் காட்டும் மென்பொருளும் அப்படியே. ஆய்வுக்கூடமோ நுண்ணோக்கியோ தேவையில்லை. கோப்பில் இருப்பது எண்களின் பட்டியல் மட்டுமே என்பதால் போலியோவைத் திறந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பயிற்சிக்கு எந்த வைரஸ்?

காராமணிச் செடியின் இலையை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக்கும் ஒரு வைரஸ் உண்டு. ஆய்வாளர்கள் அதைச் சுருக்கமாக சி.சி.எம்.வி. என்பார்கள். 1995-இல் அதன் கூடு 3.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியானது. புரதத் தரவு வங்கியில் அதன் குறியீடு 1சிடபிள்யூபி. பத்து ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தால் ஒரு நானோமீட்டர். இந்த ஒரு வாய்ப்பாடு போதும், அத்தியாயம் முழுக்க ஓட்டிவிடலாம்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. கூடு ரொம்பப் பெரிதில்லை, சுமார் 28 நானோமீட்டர்தான். சாதாரண மடிக்கணினியே தாங்கும். ஒரே புரதத்தின் 180 பிரதிகளால் ஆனது. ஐந்தைந்தாகச் சேர்ந்த 12 பூக்கள், ஆறாறாகச் சேர்ந்த 20 பூக்கள். கூட்டிப் பார்த்தால் 60-உம் 120-உம் சேர்ந்து 180. கணக்கு சரியாக வருகிறதா என்று ஒவ்வொரு படியிலும் சோதிக்க இந்த எண் கைகொடுக்கும்.

நாடாவை எடுக்கும் முன்

எந்த அளவு வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். கேப்சிட் பெரும்பாலும் கோளம் அல்ல. இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஐகோசஹெட்ரன் என்ற வடிவத்தின் ஒழுங்கைப் பின்பற்றுவது. முனைகளில் ஐந்தடுக்குச் சமச்சீர், முகங்களின் நடுவில் மூன்றடுக்கு, விளிம்புகளின் நடுவில் ஈரடுக்கு. முனைக்கு முனை அளந்தால் ஒரு எண். முகத்துக்கு முகம் அளந்தால் வேறு எண்.

எவ்வளவு வேறு? கூர்மையான, கச்சிதமான ஐகோசஹெட்ரனில் மையத்திலிருந்து முனைக்கு உள்ள தூரம், மையத்திலிருந்து முகத்தின் நடுவுக்கு உள்ள தூரத்தைப் போல 1.26 மடங்கு. அதாவது 26 சதவீத வித்தியாசம். உண்மையான கூடுகள் இந்தக் கூர்மைக்கும் உருண்டைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். ஆகவே தாளில் எழுத வேண்டியவை:

- வெளி அளவா, உள் அளவா?
- எந்த அச்சில்? ஐந்தடுக்கா, மூன்றடுக்கா, ஈரடுக்கா, அல்லது மிகத் தொலைவில் உள்ள அணு வரையிலா?
- அணுவின் மையம் வரையா, அணுவின் மேற்பரப்பு வரையா?
- ஆரமா, விட்டமா?

கடைசிக் கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் 140-ஐயும் 280-ஐயும் மாற்றி எழுதிவிட்டு அரைநாள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம்.

தேவையானவை

சைமராஎக்ஸ் என்ற மென்பொருள். சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. கல்விக்கும் வணிகநோக்கற்ற வேலைக்கும் இலவசம். பைமால், வி.எம்.டி. ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யலாம், கட்டளைகள் மட்டும் மாறும். நடுவில் உருளை உள்ள சுட்டெலி ஒன்று இருந்தால் கை வலிக்காது. தொடுபலகையை மட்டும் வைத்துக்கொண்டு கேப்சிட்டைச் சுழற்ற முயன்றவர்கள் இரண்டாம் நாளே சுட்டெலி வாங்கிவிடுவார்கள்.

இனி வரும் கட்டளைகள் ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.

முதல் கட்டம்: முழுக் கூட்டை எழுப்புதல்

1. நிரலைத் திறந்து, அடியில் உள்ள கட்டளை வரியில் 'ஓப்பன்' என்ற சொல்லையும் இடைவெளி விட்டு 1சிடபிள்யூபி என்ற குறியீட்டையும் தட்டி, என்டர் விசையை அழுத்தவும். கோப்பு தரவு வங்கியிலிருந்து தானாக இறங்கும்.

2. திரையில் வருவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது முழு வைரஸ் அல்ல. ஏ, பி, சி என்று மூன்று புரதச் சங்கிலிகள் கொண்ட ஒரு துண்டு. ஆரஞ்சுப் பழத்தில் ஒரு சுளை மாதிரி. இப்படி 60 சுளைகள் சேர்ந்தால்தான் பழம்.

3. பக்கத்தில் உள்ள பதிவுப் பலகையில் 'அசெம்ப்ளி' என்ற பட்டியலைத் தேடவும். முழு ஐகோசஹெட்ரல் தொகுப்பு, ஒரு சுளை மட்டும், ஐந்து சுளை சேர்ந்த பூ என்று வரிசையாக எண்ணிட்டிருக்கும். முழுத் தொகுப்பு வழக்கமாக 1-ஆம் எண்ணில் இருக்கும். வழக்கம்தான், சட்டம் அல்ல. விளக்கத்தைப் படித்துவிட்டே எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்.

4. 'சிம்' கட்டளையைக் கொடுத்து, மாதிரி எண்ணையும் அசெம்ப்ளி எண்ணையும் சேர்த்து, கடைசியில் 'காப்பீஸ் ட்ரூ' என்று முடிக்கவும்.

5. மாதிரிப் பட்டியலில் புதிய தொகுப்பின் கீழ் 60 உட்பிரிவுகள் இருக்கின்றனவா என்று எண்ணவும். அறுபதை மூன்றால் பெருக்கினால் 180. சரியாக வந்தால் மேலே போகலாம்.

6. முதலில் திறந்த தனிச் சுளையை மூடிவிடவும். அது புதிய தொகுப்பின் ஒரு சுளைமேல் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். விட்டுவைத்தால் பின்னால் எண்ணிக்கையைக் கெடுக்கும்.

நான்காம் படியின் கடைசி இரண்டு சொற்கள் ஏன்? பெரிய தொகுப்பைக் காட்டும்போது நினைவகத்தை மிச்சப்படுத்த, மென்பொருள் ஒரே சுளையின் நிழலுருக்களை மட்டும் சுற்றி வைத்துக் காட்டும். பார்க்க முழு வைரஸ்தான். ஆனால் நிழலில் உள்ள அணுவைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எதிரெதிர் முனைகளை அளக்க நினைத்தவர் எதைச் சொடுக்கினாலும் ஒரே சுளை ஒளிர்வதைப் பார்த்துத் திகைப்பார். 'காப்பீஸ் ட்ரூ' என்றால் அறுபதும் அசல் பிரதிகள். தொட்டால் தனித்தனியாகத் தட்டுப்படும்.

*எச்சரிக்கை.* இந்தக் கூட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் உருண்டைகளாகவோ குச்சிகளாகவோ காட்டச் சொன்னால் பழைய கணினி திணறும். நாடா வடிவத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் அணுக்களைக் காட்டவும். அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் 'சேவ்' கட்டளையால் அமர்வைச் சேமித்துவிடவும். நிரல் உறைந்துபோவது எப்போதுமே சேமிக்காத வேளையில்தான் நடக்கும்.

இரண்டாம் கட்டம்: மையம்

ஆரம் என்றாலே மையம் வேண்டும். 'மெஷர் சென்டர்' கட்டளையைப் புதிய தொகுப்பின் எண்ணோடு கொடுத்து 'மார்க் ட்ரூ' என்று சேர்த்தால், மையத்தின் மூன்று ஆயங்களும் பதிவுப் பலகையில் வரும். அந்த இடத்தில் ஒரு சிறு குறியுருண்டையும் நிற்கும்.

சமச்சீர் முழுமையாக இருக்கும்போது அணுக்களின் நிறைமையமும் கூட்டின் மையமும் ஒன்றே. ஒரு சுளை விடுபட்டிருந்தாலும் நிறைமையம் மறுபக்கம் சாய்ந்துவிடும். ஐந்தாம் படியில் 60 எண்ணச் சொன்னது இதற்காகத்தான்.

மையம் 0, 0, 0 என்ற புள்ளியில்தான் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஐகோசஹெட்ரல் வைரஸ்களுக்கென்றே உள்ள வைப்பர் டிபி என்ற தரவுத்தளம் கூடுகளை எல்லாம் ஒரே நிலையில், மையத்தைப் பூஜ்யத்தில் வைத்துத் தருகிறது. ஆனால் தரவு வங்கியிலிருந்து நேரடியாக எடுத்த கோப்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. படிகத்தில் எங்கே கிடந்ததோ, குளிர்நுண்ணோக்கியின் பெட்டியில் எந்த மூலையிலிருந்து எண்ணினார்களோ, அதைப் பொறுத்து மையம் எங்கேயும் இருக்கலாம். ஒரு கட்டளையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு ஊகம் எதற்கு?

மூன்றாம் கட்டம்: வெளி அளவு

இங்கே இரண்டு வழிகளைச் செய்து பார்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

*வழி ஒன்று: வளையம் போட்டுப் பிடித்தல்*

மையக் குறியிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள அணுக்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி, தேர்வுப் பட்டியலில் 'சோன்' என்ற பெயரில் இருக்கிறது. தூரத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று அதிலேயே கேட்கும்.

1. முதலில் புரத அணுக்கள் மட்டும் கணக்கில் இருக்கட்டும். கோப்பில் நீர் மூலக்கூறு, அயனி, ஆர்.என்.ஏ. துண்டு இருந்தால் விலக்கிவிடவும்.

2. மையக் குறியைத் தேர்ந்தெடுத்து, 100 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் உள்ளவை என்று கேட்கவும். ஏராளமான அணுக்கள் ஒளிரும்.

3. 200 என்று மாற்றவும். ஒன்றும் ஒளிராது.

4. இனி நடுவில் 150. பிறகு அணுக்கள் இருக்கும் பக்கத்தில் பாதி, அதில் பாதி. ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். ஏழெட்டுத் தடவைகளில் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்குள் பிடித்துவிடலாம்.

கடைசி அணு மறையும் தூரமே அதிகபட்ச ஆரம். இந்தக் கூட்டுக்கு அது 140-ஐ ஒட்டி வர வேண்டும். 40 அல்லது 50-இல் எல்லாம் மறைந்துவிட்டால், அளந்தது கூட்டை அல்ல, ஒரு சுளையை. அந்தச் சுளையின் சொந்த மையத்திலிருந்து அளந்திருக்கிறீர்கள் என்று பொருள். 200-ஐத் தாண்டினாலோ மையக் குறி தவறான இடத்தில் நிற்கிறது.

கடைசியாக ஒளிரும் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்றும் பார்த்துவிடவும். ஒழுங்கான கூடானால் அவை அறுபது பிரதிகளிலும் ஒரே இடத்தில், வரிசையாக மின்னும். ஏதோ ஒரு பக்கவாட்டுச் சங்கிலியின் நுனி அணு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், உங்கள் 'கூட்டின் அளவு' அந்த ஒற்றை நுனியின் அளவு. அதனால்தான் முதன்மைச் சங்கிலியின் ஆல்ஃபா கார்பன்களை மட்டும் வைத்து இன்னொரு முறை அளப்பது நல்லது. இரண்டு எண்களும் எவ்வளவு விலகுகின்றன என்பதே ஒரு தகவல்.

*வழி இரண்டு: முனைக்கு முனை*

பார்க்க எளிமையாகத் தோன்றும் வழி இது. இடது கோடியில் ஒரு அணுவைச் சொடுக்கி, வலது கோடியில் இன்னொன்றைச் சொடுக்கி, 'டிஸ்டன்ஸ்' கட்டளை கொடுத்தால் கோடும் எண்ணும் வந்துவிடுமே? வரும். ஆனால் அது விட்டமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. புரதங்களுக்கு இடக்கை, வலக்கை வேறுபாடு உண்டு; ஆகையால் கேப்சிட்டின் சமச்சீரில் சுழற்சி மட்டுமே இருக்கும், கண்ணாடிப் பிம்பம் இருக்காது. ஒரு அணுவிலிருந்து மையத்தின் ஊடாக நேர்க்கோடு இழுத்தால், மறுபக்கம் அதே வகை அணு இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கண்ணால் பார்த்து 'எதிரே உள்ள' அணுவைத் தேர்ந்தெடுப்பவர் சாய்வான நாண் ஒன்றை அளப்பார். ஆரம் 140 ஆங்ஸ்ட்ராம் உள்ள கூட்டில் 30 பாகை தவறினால் 280-க்குப் பதில் 270.5 கிடைக்கும். ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் காணாமல் போய்விடும். திரையில் அது சரியாகவே தெரியும் என்பதுதான் சங்கடம்.

தீர்வு, அச்சையே பிடித்துக்கொள்வது. முனைகள் எப்போதும் எதிரெதிர் ஜோடிகளாக வரும். ஐந்தடுக்கு அச்சு இரண்டின் வழியாகவும் நேராகப் போகும்.

1. ஐந்து ஏ சங்கிலிகள் பூவாகச் சேரும் ஒரு முனையைத் திரைக்கு நேராகத் திருப்பவும். சங்கிலிவாரியாக நிறம் கொடுத்திருந்தால் பூ பளிச்சென்று தெரியும்.

2. பூவின் நடுவுக்கு அருகில், மேற்புறத்தில் உள்ள ஒரு அமினோ அமிலத்தின்மேல் சுட்டியை நிறுத்தவும். சங்கிலியின் பெயரும் எண்ணும் தோன்றும், குறித்துக்கொள்ளவும்.

3. அந்தப் பூவில் உள்ள ஐந்து பிரதிகளிலும் அதே எண்ணுள்ள அமிலத்தின் ஆல்ஃபா கார்பனைத் தேர்ந்தெடுக்கவும். ஐந்தே ஐந்துதான்; ஆறாவது வந்தால் பக்கத்துப் பூவிலிருந்து ஒன்று ஒட்டிக்கொண்டது.

4. கருவிப் பட்டியலின் அமைப்பு ஆய்வுப் பகுதியில், அச்சு, தளம், நடுப்புள்ளி ஆகியவற்றை வரையும் கருவி இருக்கிறது. அதில் நடுப்புள்ளியை உருவாக்கவும். ஐந்தின் நடுப்புள்ளி கச்சிதமாக அச்சின்மேல் உட்காரும்.

5. கூட்டைத் திருப்பி, நேர் எதிர் முனையில் அதே வேலையைச் செய்யவும்.

6. இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் இடையே தூரம் எடுக்கவும்.

7. சோதனை: மையக் குறியிலிருந்து இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் தனித்தனியே தூரம் எடுக்கவும். இரண்டும் சமமாகவும், கூட்டினால் ஆறாம் படியின் விடையாகவும் இருக்க வேண்டும். கூட்டுத்தொகை அதிகமாக வந்தால், எடுத்தது எதிர் முனை அல்ல, பக்கத்து முனை.

*கவனிக்க.* இரண்டாம் படியில் 'நடுவுக்கு அருகில்' என்றது சும்மா இல்லை. மையத்திலிருந்து 140 ஆங்ஸ்ட்ராமில் உள்ள அணு அச்சிலிருந்து 10 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருந்தால், ஐந்தின் நடுப்புள்ளி 139.6-இல் விழும், கவலைப்பட வேண்டாம். அதுவே 40 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருந்தால் 134.2-க்கு இறங்கிவிடும்; விட்டத்தில் கிட்டத்தட்ட 12 ஆங்ஸ்ட்ராம் போய்விடும்.

முகத்துக்கு முகம் அளக்கவும் இதே தந்திரம்தான். ஐந்துக்குப் பதில் மூன்றடுக்கு அச்சைச் சுற்றியுள்ள ஒத்த அணுக்கள். ஐந்தடுக்கு ஆரத்தை மூன்றடுக்கு ஆரத்தால் வகுத்துப் பார்ப்பது சுவையான விஷயம். 1-ஐ ஒட்டி வந்தால் கூடு உருண்டை, 1.26-ஐ நோக்கிப் போகப் போகப் பட்டை தீட்டிய கல்.

அணுவுக்கும் தடிமன் உண்டு

இதுவரை அளந்ததெல்லாம் அணுவின் மையத்திலிருந்து அணுவின் மையத்துக்கு. கார்பன் அணுவுக்கே சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம் ஆரம் உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்தால் விட்டத்தில் 3.4 கூடும். மேற்பரப்பு வரை என்று தாளில் எழுதியிருந்தால் இதைச் சேர்க்க வேண்டும். மையம் வரை என்றால் சேர்க்கக் கூடாது. சேர்த்தோமா இல்லையா என்று எழுதாமல் விடுவதுதான் பெருங்குற்றம்.

நான்காம் கட்டம்: உள் அளவு

உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கேள்விக்கு நடைமுறைப் பயன் உண்டு. 1998-இல் ட்ரெவர் டக்ளஸ், மார்க் யங் ஆகியோர் இதே காராமணி வைரஸின் கூட்டைக் காலிசெய்து, அதைச் சிமிழாகப் பயன்படுத்தி உள்ளே டங்ஸ்டன் சேர்மத்தைப் படிகமாக்கிக் காட்டினார்கள். சிமிழின் கொள்ளளவு தெரியாமல் அந்த வேலை நடக்காது.

முறை எளிது. வளைய வழியையே தலைகீழாகச் செய்யவும்: மையத்திலிருந்து 50 ஆங்ஸ்ட்ராமுக்கு உள்ளே எத்தனை புரத அணுக்கள்? ஒன்றும் இல்லை. 70? 90? முதல் அணு ஒளிரும் தூரமே உள் ஆரம். இந்தக் கூட்டின் உட்குழி சுமார் 18 நானோமீட்டர் விட்டம் என்று எழுதப்படுவதுண்டு. 90-ஐச் சுற்றித் தேடலாம்.

முறைதான் எளிது, விடை எளிதல்ல. சி.சி.எம்.வி. புரதத்தின் முன்முனையில், நேர்மின்னேற்றம் நிறைந்த ஒரு வால் இருக்கிறது. அது உள்ளே தொங்கிக்கொண்டு ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்வது. அசைந்துகொண்டே இருப்பதால் படிகப் படத்தில் பதிவதில்லை. பதியாதது கோப்பிலும் இல்லை. 180 வால்கள்! ஆர்.என்.ஏ.வின் பெரும்பகுதியும் அப்படித்தான். திரையில் காலி மண்டபமாகத் தெரியும் இடம் நிஜத்தில் சாமான் நிரம்பிய அறை. ஆகவே குறிப்பேட்டில் 'உள் விட்டம்' என்று மட்டும் எழுதாமல், 'கோப்பில் தெரியும் புரதத்தின் உள் விட்டம்' என்று எழுதுவதே நேர்மை.

கொள்ளளவு கணக்கிடப் போகிறவருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஆரம் மூன்று முறை பெருக்கப்படுகிறது. 90 ஆங்ஸ்ட்ராம் ஆரத்துக்குக் கொள்ளளவு சுமார் 3,050 கன நானோமீட்டர். 93 என்றால் 3,370. ஆரத்தில் மூன்றே ஆங்ஸ்ட்ராம் பிசகு, கொள்ளளவில் பத்து சதவீதம்.

அணுக்கள் இல்லாமல் வரைபடம் மட்டும் இருந்தால்

குளிர்நுண்ணோக்கியின் முப்பரிமாண வரைபடத்தை அளப்பது தனிக் கலை. இங்கே மூன்று பொறிகளை மட்டும் சொல்லி நகரலாம்.

மேற்பரப்பு எங்கே என்பதை, நீங்கள் நகர்த்தும் எல்லைக்கோட்டு மதிப்பே தீர்மானிக்கிறது. வழுக்கியை இடப்பக்கம் தள்ளினால் வைரஸ் பருக்கும், வலப்பக்கம் தள்ளினால் மெலியும். எந்த மதிப்பில் அளந்தீர்கள் என்று எழுதாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

இரண்டாவது, படப்புள்ளியின் அளவு. உருப்பெருக்கத்தைச் சரிபார்ப்பதில் ஒரு சதவீதம் பிசகினால் 280 ஆங்ஸ்ட்ராம் கூடு 2.8 ஆங்ஸ்ட்ராம் வீங்கும் அல்லது சுருங்கும். அதே வைரஸின் படிக அமைப்பை வரைபடத்துக்குள் பொருத்திப் பார்த்தால் இந்தப் பிசகு பிடிபடும்.

மூன்றாவது, பெரிய வரைபடங்களை மென்பொருள் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளிகளைத் தவிர்த்துக் காட்டும். வேகத்துக்காகச் செய்வது. அளக்கும் முன் 'ஸ்டெப்' என்ற கட்டத்தை 1 ஆக்கவும்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

*பெட்டியை நம்புதல்.* வி.எம்.டி.யில் 'மெஷர் மின்மேக்ஸ்' என்று கேட்டால் மூலக்கூறை அடைக்கும் பெட்டியின் மூலைகளைத் தரும். பெட்டியின் அகலம் கேப்சிட் எப்படித் திரும்பிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. அதே கூட்டைத் திருப்பி வைத்தால் வேறு அகலம். அவசரத் தோராயத்துக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

*படத்தின்மேல் அளவுகோல் வைத்தல்.* திரையில் அருகில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும். அச்சிடும் படத்தில் அளவுக்கோடு வரைய வேண்டுமானால் 'கேமரா ஆர்த்தோ' கொடுத்து அந்தத் தோற்றமயக்கத்தை அணைத்துவிடவும்.

*பழைய வகைக் கோப்பு.* பி.டி.பி. என்ற பழைய வடிவத்தில் ஒரு லட்சம் அணுக்களுக்கு இடமில்லை. அதனால் முழுக் கூட்டைப் பல மாதிரிகளாகத் துண்டு போட்டு அடுக்கியிருப்பார்கள். சில நிரல்கள் முதல் மாதிரியை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எம்.எம்.சிஃப் வடிவத்தையே எடுக்கவும்.

*மூன்று தசம இலக்கம்.* மென்பொருள் 281.437 என்று தரும். 3.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் பார்த்த பொருளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராம் வரை விடை சொல்வது, மரக்கால் கொண்டு அளந்த நெல்லுக்கு மணிக்கணக்கு சொல்வது போல. 281 போதும், பெரும்பாலான கட்டுரைகளுக்கு 28 நானோமீட்டரே போதும்.

*சோதனைக்கூட எண்ணோடு மோதல்.* ஒளிச்சிதறல் கருவி தரும் விட்டம், துகளோடு நகரும் நீரையும் சேர்த்துக்கொள்ளும். திரையில் அளந்ததைவிடக் கூடுதலாகவே வரும். சாயமிட்டு உலர்த்திப் பார்க்கும் மின்னணு நுண்ணோக்கியில் கூடு தட்டையாகலாம். சி.சி.எம்.வி.யில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கால்சியம் போன்ற அயனிகளை நீக்கி, பி.எச். மதிப்பை நடுநிலைக்கு உயர்த்தினால் கூடு சுமார் பத்து சதவீதம் உப்பி, மேலே அறுபது துளைகள் திறந்துகொள்ளும். 1சிடபிள்யூபி கோப்பில் இருப்பது உப்பாத நிலை. ஆகவே சோதனைக்குழாயில் 31 நானோமீட்டர் வந்தால் கோப்பைக் குறை சொல்லும் முன் கரைசலின் பி.எச். என்ன என்று கேட்க வேண்டும்.

கணினிக்கும் வேலைக்கும் பாதுகாப்பு

முன்பின் அறியாதவர் அனுப்பிய பைத்தான் நிரலையோ அமர்வுக் கோப்பையோ சைமராஎக்ஸில் திறக்க வேண்டாம். அணுக்களின் ஆயங்கள் அடங்கிய கோப்பு வெறும் எழுத்துதான். நிரல் அப்படி அல்ல, உங்கள் கணினியில் ஓடும். கோப்பு வேண்டுமானால் தரவு வங்கியிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.

பதிவுப் பலகையை நாள்தோறும் தனிக் கோப்பாகச் சேமிக்கவும். எந்தக் கட்டளைக்கு எந்த எண் வந்தது என்பது ஆறு மாதம் கழித்து நினைவில் நிற்காது.

குறிப்பேட்டில் எழுத வேண்டிய வரி

ஒவ்வொரு அளவுக்கும் ஒரே வரியில் இவ்வளவும் இருக்கட்டும்: கோப்பின் குறியீடு, அசெம்ப்ளி எண், மென்பொருளின் பதிப்பு, மையம் கண்ட முறை, அச்சு, எந்தச் சங்கிலியின் எந்த அணு, அணுவின் மையமா மேற்பரப்பா, ஆரமா விட்டமா, அலகு. பார்க்க நீளம்தான். ஆனால் வேறொருவர் அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் எண்ணைத் திரும்பப் பெற முடியும்.

கை பழகிய பின்

அடுத்த பயிற்சிக்கு இரண்டு கூடுகள். முதலாவது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் பெரிய கூடு, குறியீடு 1க்யூஜிடி, 1999-இல் வெளியானது. 240 புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மேலே 120 முள்களை நிறுத்தியிருக்கும். பலாப்பழத்துக்கு முள்ளோடு ஒரு அளவு, முள் இல்லாமல் ஒரு அளவு உண்டல்லவா? வளைய வழியில் முள் நுனியின் ஆரத்தை எடுக்கவும். பிறகு இரண்டு முள்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு அமிலத்தைத் தேர்ந்தெடுத்து, மையத்திலிருந்து அதன் தூரத்தை எடுக்கவும். கழித்தால் முள்ளின் உயரம்.

இரண்டாவது எச்.கே. 97 என்ற பாக்டீரிய வைரஸின் முதிர்ந்த தலை, குறியீடு 1ஓஎச்ஜி. 420 புரதங்கள், 660 ஆங்ஸ்ட்ராம் குறுக்களவு. இந்தத் தலையின் அமைப்பு 2000-இல் முதன்முதலாக வெளியானபோது அதன் புரத வளையங்கள் சங்கிலிக் கவசம் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பது தெரியவந்தது. ஒரு சுளையிலேயே ஏழு சங்கிலிகள் இருக்கும். நினைவகம் குறைந்த கணினியானால் 'காப்பீஸ் ட்ரூ' வேண்டாம்; முழுக் கூட்டை நிழலுருவாகப் பார்த்து எதிரெதிர் முனைகளைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த இரண்டு பூக்களுக்கான பத்துச் சுளைகளை மட்டும் அசலாக எழுப்பி அளக்கலாம். ஐந்தடுக்கு ஆரத்தை மூன்றடுக்கு ஆரத்தால் வகுத்து, காராமணி வைரஸுக்கு வந்த விகிதத்தின் பக்கத்தில் எழுதிப் பார்க்கவும்.